மெதுவாய்ப் போகும் வித்தை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



"மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டாராம்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லக் கேட்டதும் நம் மனக்கண்ணில் எழுகின்ற காட்சி என்ன? நீண்ட நேர் வீதி, காற்றில் படபடக்கும் சட்டை, கட்டுக்கடங்காத வேகம், எதிரே ஒரு லொறி. வேகந்தான் ஆளை விழுத்துகிறது என்று எண்ணிப் பழகிவிட்டோம். நானும் என் வாழ்நாளில் ஏழு தடவைகள் மோட்டார் சைக்கிளோடு விழுந்தவன். அந்த ஏழில் ஒரு தடவையேனும் வேகமானியின் முள் பத்தைத் தாண்டவில்லை. இரண்டு தடவைகள் வண்டி ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. நின்ற வண்டியோடு நின்றபடியே சரிந்தேன்.

இலக்கியத் தொடரில் இந்தக் கதைக்கு என்ன இடம் என்று நீங்கள் கேட்கக்கூடும். யானையில் இருந்தும் தேரில் இருந்தும் விழுந்த வீரர்களுக்குக் காவியங்களில் இடம் உண்டு. தேநீர்க் கடை வாசலில், நாற்பது வயதைக் கடந்த ஒரு வாத்தியார், நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பைத் தன் காலின்மேல் போட்டுக்கொண்டு கிடப்பதை எவரும் பாடியதில்லை. அதைக் கண்டவர்கள் சிரித்தார்கள். பின்னர் நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அந்த ஏழில் ஒன்றைப் பற்றி மட்டும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் என்னால் சிரிக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன்னால் மற்றவற்றையும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

நம் பேச்சு வழக்கிலே 'சைக்கிள் ஓடப் பழகினேன்' என்கிறோம். 'படித்தேன்' என்று சொல்வதில்லை. ஒரு மனிதரோடு பழகுவதற்கும் அதே சொல்தான். புத்தகத்தை ஒரே இரவில் படித்து முடிக்கலாம். ஒருவரோடு ஒரே இரவில் பழகிவிட முடியுமா? அவருடைய கோபம் எப்போது வரும், எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பார், எந்த இடத்தில் கைவிடுவார் என்பதெல்லாம் நாட்பட நாட்படத்தானே தெரியவரும். வண்டியும் அப்படித்தான். ஆசிரியனாகிய நான் இந்த வேற்றுமையை அறியாமல் இருந்தேன்.

2003 ஆம் ஆண்டு அது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. என் வீடு எழுவான்கரையில், நான் கற்பித்த பாடசாலை படுவான்கரையில். அதற்கு முந்திய ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, வீதிகளில் சற்று மூச்சுவிட முடிந்த காலம். அதுவரை மிதி சைக்கிளில் போய் வந்தவன், நாற்பத்தொரு வயதிலே, கைமாறி வந்த பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். எட்டு வயது மகன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். மனைவி மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். எலுமிச்சம்பழத்தைச் சில்லுக்கு அடியில் வைத்து நசுக்கினோம். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அன்று மாலையே நானும் நசுங்கினேன்.

எங்கள் தெரு முடக்கில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர் என் பழைய மாணவர். அவருடைய வளவுக்குள்தான் பழக்கம் தொடங்கியது. கிளட்சைப் பிடித்து, கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விடவேண்டும் என்றார். நான் 'மெல்ல' என்ற சொல்லைக் கேட்டேன், என் கை கேட்கவில்லை. சட்டென்று விட்டுவிட்டேன். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி போல வண்டி பாய்ந்து, வேலியைப் பிரித்துக்கொண்டு சாய்ந்தது. நானும் சாய்ந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. வேலிக்கு நூற்றைம்பது ரூபாய்.

அடுத்தது தேநீர்க் கடை. வீதியைக் கடந்த ஒரு பசுவுக்காக நிறுத்தினேன். பிரேக்கை ஒழுங்காகப் பிடித்தேன், வண்டியும் ஒழுங்காக நின்றது. இடது காலை நிலத்தில் ஊன்றப் போனேன். அங்கே நிலம் இல்லை! முதல்நாள் மழை வீதி ஓரத்து மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. நிலம் நான்கு விரற்கடை தாழ்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்த நான்கு விரற்கடையைத் தேடிக் கால் இறங்குவதற்குள் வண்டி சரியத் தொடங்கிவிட்டது. சரியத் தொடங்கிய வண்டியை ஒற்றைக் காலால் தாங்கிப் பிடிக்க முயன்றேன். அது இன்னொரு பிழை. ஓர் அளவுக்கு மேல் சரிந்துவிட்ட வண்டியைப் பிடிக்கப் போனால் காலோ இடுப்போதான் போகும். விட்டுவிட்டு விலகவேண்டும். இரும்பைத் திருத்தலாம்.

நேயர்களே, மெதுவாகப் போகும்போது வண்டி ஏன் விழுகிறது? சிறுவயதில் நாம் நாணயத்தை நிலத்தில் உருட்டி விளையாடியிருக்கிறோம். வேகமாக உருளும் வரை அது நிமிர்ந்தே போகும். வேகம் குறையக் குறையத் தள்ளாடி, வட்டமிட்டு, விழுந்துவிடும். இரண்டு சில்லு வண்டியில் சமநிலை என்பது அசையாமல் இருப்பதல்ல. ஒவ்வொரு கணமும் அது ஏதாவது ஒரு பக்கம் விழத் தொடங்குகிறது. விழப்போகும் பக்கத்துக்கே முன்சில்லு சற்றுத் திரும்பி, பாரத்தின் அடியிலே சில்லுகளைக் கொண்டுவந்து சேர்க்கிறது. ஓடும் வேகத்தில் இது நாம் அறியாமலே, பெரும்பாலும் வண்டி தானாகவே செய்துகொள்ளும் காரியம். மெதுவாகப் போகையில் சில்லுகள் பாரத்தின் அடிக்கு வந்து சேரத் தாமதமாகும். அப்போது ஹாண்டிலை அதிகம் திருப்பவேண்டும், அதுவும் நாமே திருப்பவேண்டும். ஆகவே வேகமாக ஓடுவது வண்டியின் வித்தை, மெதுவாக ஓடுவது மனிதனின் வித்தை என்று சொல்லலாம். பழகுகிறவன் தன் வாழ்க்கையைத் தொடங்குவதோ அந்தக் கடினமான பக்கத்தில் இருந்துதான். வளவுக்குள், ஒழுங்கைக்குள், படலையடியில்.

இதை முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தவர்களே உணர்ந்திருந்தார்கள் போலும். ஜேர்மனியில் டைம்லரும் மேபாக்கும் 1885 ஆம் ஆண்டு செய்த வண்டி மரச்சட்டமும் மரச்சில்லுகளும் கொண்டது. ஓட்டமும் மிதி சைக்கிளின் ஓட்டத்தை மிஞ்சியதல்ல. அந்த வண்டிக்கு இரு பக்கமும் விழாமல் தாங்க இரண்டு சிறிய சில்லுகள் பூட்டியிருந்தார்கள். நம் குழந்தைகளின் சைக்கிளுக்குப் பூட்டுகிறோமே, அதே போல. உலகத்தின் முதல் மோட்டார் சைக்கிளே பழகுகிறவனின் வண்டிதான் என்பதை அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

என் விழுகைகளில் மிகவும் பகிரங்கமானது மண்முனைத் துறையில் நடந்தது. 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் வாவியைக் கடக்க எங்களுக்குப் 'பாதை'தான் கதி. பாதை என்றால் வீதி என்று வெளியூர் நேயர்கள் நினைக்கக்கூடாது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் ஏறும்போது எல்லோரும் இறங்கி வண்டியை உருட்டினார்கள். எனக்கு மட்டும் ஓடியே ஏறவேண்டும் என்று ஓர் ஆசை. பாடசாலைப் பிள்ளைகள் கரையில் நின்றதும் காரணமாயிருக்கலாம். பலகையில் ஏறுகையில் கண் தண்ணீரைப் பார்த்தது. கண் பார்த்த பக்கமே கை திரும்பிற்று, கை திரும்பிய பக்கமே வண்டி போயிற்று. முழங்கால் அளவு தண்ணீர். பாடக்குறிப்புப் புத்தகமும் சோற்றுப் பார்சலும் வாவியோடு போயின. பாதைக்காரர் ஒருவர் என்னைத் தூக்கிவிட்டு, "சேர், குளிக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுக் குளிக்கப்படாதா?" என்று கேட்டார். அந்த வாசகம் ஒரு தவணை முழுவதும் பாடசாலையில் உலவியது.

அன்று மாலை சைக்கிள் கடைக்காரர் வண்டியைப் பிரித்துக் காயவைத்தபடி சொன்னார்:

"சேர், ஓடப் பழகுறதுக்கு முதல் நீங்க நிக்கப் பழகோணும். மறுகா நடக்கப் பழகோணும். ஓட்டம் தானா வரும்."

ஆசிரியனுக்கு மாணவன் சொன்ன பாடம். அதன்படி ஒரு கிழமை வண்டியை ஓடவே விடவில்லை. பக்கத்தில் நின்று உருட்டச் செய்தார், திருப்பச் செய்தார், ஸ்டாண்டைப் போட்டு எடுக்கச் செய்தார். மறு கிழமை, நடக்கிறவரோடு சேர்ந்து போகும் வேகத்தில் மட்டும் ஓடச் செய்தார். கிளட்சை முழுதாக விடாமல், முழுதாகப் பிடிக்காமல், இடைநடுவில் வைத்திருக்கவேண்டும். எஞ்சினின் சத்தம் ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்கவேண்டும். பின் பிரேக்கின்மேல் பாதம் மெல்லப் படிந்திருக்கவேண்டும். ஹாண்டில் திரும்பியிருக்கும் நேரத்தில் முன் பிரேக்கை மறந்தும் இறுக்கக்கூடாது, இறுக்கினால் முன்சில்லு மடங்கி வண்டி அந்தக் கணமே படுத்துவிடும். கண் சில்லைப் பார்க்கக்கூடாது, போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்க்கவேண்டும். நிறுத்தும் முன்னர் கால் ஊன்றப் போகும் நிலம் மணலா, கிறவலா, பள்ளமா என்று பார்த்துக்கொள்ளவேண்டும். சாரத்தோடும் அறுந்த செருப்போடும் ஏறக்கூடாது.

விழுந்த வண்டியைத் தூக்கும் முறையையும் காட்டித் தந்தார். நாம் எல்லோரும் குனிந்து, ஹாண்டிலைப் பிடித்து, முதுகால் இழுக்கிறோம். அடுத்தநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு திரிகிறோம். அவர் வண்டிக்குப் புறமுதுகு காட்டி நின்று, ஆசனத்தில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின்பக்கச் சட்டத்தையும் பற்றி, காலால் உந்திப் பின்பக்கமாகவே நடந்தார். வண்டி எழுந்து நின்றது. புறமுதுகு காட்டுவதும் சில இடங்களில் வீரம் என்று அன்று அறிந்தேன்.

சோதனை நாள் வந்தது. எட்டு வடிவில் ஓடிக் காட்டினேன். கால் நிலத்தில் படவில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்தது. அதோடு கர்வமும் வந்தது.

பத்திரம் கிடைத்து மூன்றாவது கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று மகன் கேட்டான். இரண்டு தெரு தள்ளியிருந்த வீடு. நடந்தே போகலாம். நான் அவனைத் தூக்கி எனக்கு முன்னால், பெற்றோல் தாங்கியின்மேல் இருத்தினேன். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அவன் போட்டிருக்கவில்லை. இரண்டு தெருதானே என்று எண்ணினேன்.

எங்கள் ஒழுங்கை முடக்கில் வீதி திருத்தக் கொட்டியிருந்த கிறவல் பரந்து கிடந்தது. அதிலே திரும்புகையில் ஒரு கோழி குறுக்கே ஓடிற்று. ஹாண்டில் திரும்பியிருந்தது. என் வலக்கை முன் பிரேக்கை இறுக்கியது. கடைக்காரர் செய்யக்கூடாது என்று சொன்னது அனைத்தையும் அரை வினாடியில் செய்து முடித்தேன். நடக்கிற மனிதனின் வேகங்கூட இருந்திராது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது, நாங்கள் இருவரும் சாய்ந்தோம்.

நேயர்களே, இனிச் சொல்லப்போவதை நான் அதிகம் பேரிடம் சொன்னதில்லை. எதிரே மதகிலே நாலைந்து இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இருவர் என்னிடம் படித்தவர்கள். நான் எழுந்தேன். முதலில் அவர்களைப் பார்த்தேன். "ஒண்டுமில்ல, ஒண்டுமில்ல" என்று சிரித்தேன். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தினேன், அதுவும் முறைப்படி, புறமுதுகு காட்டி. பெற்றோல் சிந்துகிறதா என்று பார்த்து, கண்ணாடி வெடித்துவிட்டதைத் தடவிப் பார்த்து, சட்டையைத் தட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் பிள்ளையின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லையே என்பது உறைத்தது.

அவன் கிறவலின்மேல் உட்கார்ந்திருந்தான். இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. அழவில்லை.

"ஏன் மகன் கூப்பிடல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க சைக்கிளப் பாத்துக்கிட்டு இருந்தீங்க அப்பா" என்றான்.

அதில் குற்றச்சாட்டு எதுவும் இருக்கவில்லை. கண்டதைச் சொன்னான். அதுதான் என்னை இன்றுவரை சுடுகிறது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. சிறுவயது எலும்பு, கெதியில் பொருந்திவிடும் என்று தூக்குக் கட்டி அனுப்பினார்கள். பொருந்தியும் விட்டது. மனைவி என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. வண்டித் திறப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். மகனின் தூக்கு அவிழ்ந்த நாளில் திறப்பை என் கையில் தந்து, "தனியப் போங்க. மெதுவாப் போகத் தெரியுமட்டும் ஒருத்தரையும் ஏத்தாதீங்க" என்றாள். எனக்கு அனுமதிப்பத்திரம் தந்த அதிகாரியைக் காட்டிலும் அவள் சரியான பரிசோதகி.

பின்னாளில் இந்த விடயம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து ஹரி ஹேர்ட் என்பவரின் குழுவினர், லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டார்கள். விபத்துக்கு உள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, குடும்பத்தாரிடமோ, நண்பர்களிடமோ ஓடப் பழகியவர்கள். பாதிப்பேருக்கு மேல் அந்த வண்டியோடு ஐந்து மாதப் பழக்கங்கூட இல்லாதவர்கள். விபத்துக்குச் சற்று முன்னரான வேகத்தின் நடு அளவு மணிக்கு 29.8 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீற்றர். பறந்தவர்கள் மட்டுமே அடிபடவில்லை என்பதை அந்தக் கணக்குச் சொல்கிறது.

இலக்கிய நேயர்கள் அறிந்த ஒருவரின் கதையும் இதனோடு சேர்கிறது. அரேபியப் பாலைவனத்தில் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், தன் மோட்டார் சைக்கிளைப் பற்றி அழகாக எழுதியவர். 1935 ஆம் ஆண்டு மே மாதம், சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்களுக்கு விலகப்போய் விழுந்தார். தலையில் அடி. ஆறு நாட்களின் பின் இறந்தார். அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயின்ஸ், அதன் பின்னர் மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் கட்டுரை எழுதினார். பிரித்தானிய இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமானது அந்த ஆண்டிலேதான். 'மெதுவாகத்தானே போகிறோம், இரண்டு தெருதானே' என்று ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டி நின்ற நிலையில் சரிந்தாலும், தலை விழுவது ஆள் இருந்த உயரத்தில் இருந்துதான். நிலத்தின் கடினம் வேகமானியைப் பார்த்துக் குறைவதில்லை.

இப்போது என் மகளுக்குப் படுவான்கரையில் ஆசிரிய நியமனம். நான் பாதையில் ஏறி விழுந்த இடத்துக்கு மேலாக, பாலத்தில் அவள் போய்வர வேண்டும். ஸ்கூட்டர் வாங்கினாள். அதற்குக் கிளட்ச் இல்லை, ஆகவே இலகு என்கிறார்கள். இலகுதான். ஆனால் பயந்தவுடன் மனிதக் கை இறுகும். அக்சிலேட்டரைத் திருகுவதும் ஒரு பிரேக்கைப் பிடிப்பதும் அதே வலக்கை. பயத்தில் இறுகிய கை பிரேக்கோடு சேர்த்து அக்சிலேட்டரையும் திருகிவிட்டால், நிற்கவேண்டிய இடத்தில் வண்டி பாயும். ஆகவே கோயில் வெளியில் மாலை வேளைகளில் ஒரு கிழமை நடக்கப் பழக்கினேன். நிக்கப் பழகு, மறுகா நடக்கப் பழகு என்று சைக்கிள் கடைக்காரரின் பாடத்தை அப்படியே ஒப்புவித்தேன்.

சென்ற மாதம், எங்கள் படலையடியிலேயே அவள் விழுந்தாள். உள்ளே திருப்புகையில் மணலில் சறுக்கிற்று. நானும், விடுமுறையில் வந்திருந்த மகனும் முற்றத்தில் நின்றோம். வீதியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஓடினேன். வண்டியைத் தாண்டி ஓடி, அவளுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, "எங்க மகள் நோகுது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்டுமில்லப்பா. முதல்ல ஸ்கூட்டரத் தூக்குங்க, ஆக்கள் பாக்கிறாங்க" என்றாள்.

"பாக்கட்டும்" என்றேன்.

பின்னால் வந்த மகன் ஒன்றும் பேசவில்லை. ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தியவன் அவன்தான். நாங்கள் இருவரும் எழுந்து வரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நம் போன்றவர்களுக்கு அடிக்கடி சறுக்கும். புதிதாகப் பழகுகின்ற தம்பி தங்கைகளே, நீங்கள் விழுவீர்கள். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை. விழுந்து எழுந்ததும் யார் பார்த்தார்கள் என்று தேடாதீர்கள், யாருக்கு நொந்தது என்று பாருங்கள். மெதுவாய்ப் போகத் தெரியும்வரை வேறு எவரையும் ஏற்றாதீர்கள். வண்டியை விட்டு இறங்கி உருட்டவேண்டிய இடத்தில் உருட்டுங்கள். பாதைக்காரர் சிரிக்கமாட்டார்.